மரம் இறங்குது, ஆள் ஏறலை: எல்லையோர ஊரில் அனிமேஷன் வரலாறு

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வாசகசாலையின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு அனிமேஷன் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை படிக்கிறவர்கள் வருகிறார்கள். வீட்டில் தமிழ், பேருந்தில் மலையாளம், போனில் இரண்டும் கலந்து பேசும் பிள்ளைகள். கிழக்கே ஒரு மணி நேரம் போனால் கோயம்புத்தூர், மேற்கே பாலக்காடு. படம் வரையத் தெரிந்தவன் பிளஸ் டூ முடித்ததும் கோவையில் ஏதாவது ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்துவிடுவான். அங்கே மென்பொருள் கற்றுத் தருவார்கள். இந்த வேலையை இதற்கு முன் யார் செய்தார்கள், எதற்காக, எந்தச் சிக்கலைத் தீர்க்க என்று யாரும் சொல்வதில்லை. என்னிடம் வரைந்து பழகிய ஒரு பையன் அப்படி ஒரு மையத்தில் நிறையப் பணம் கட்டி ஒன்றரை வருடம் படித்தான். நேர்முகத்தில் ஒரு நடையைக் காட்டி, "இதில் கனம் எங்கே விழுகிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் நடை வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பையன் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த நாளில்தான் இந்த வகுப்பு தொடங்கியது.

வரலாறு என்றதும் நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஆண்டுகளைப் பலகையில் எழுதினேன்: 1892, 1906, 1908, 1914, 1928, 1937. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், அடுத்த வாரம் மறந்துபோனார்கள். மறக்காமல் என்ன செய்வார்கள்? அந்த எண்களில் ஒன்றுகூட அவர்கள் கை தொட்ட எதையும் போய்த் தொடவில்லை. இப்போது அந்தப் பலகையை ஆறாவது வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். முதல் வாரம் எல்லோரையும் கூத்துமாடத்துக்கு அழைத்துப்போகிறேன்.

பாலக்காடு தாண்டி ஷொர்ணூர் பக்கம் போனால் பகவதி கோயில்களுக்கு எதிரே நீளமாக, திண்ணை உயரத்தில் ஒரு கட்டடம் நிற்கும். அதுதான் கூத்துமாடம். தோல்பாவைக்கூத்து நடத்துவதற்கென்றே கட்டப்பட்டது, வேறு எதற்கும் பயன்படாது. சுமார் 42 அடி நீளத்துக்குத் திரை கட்டுவார்கள், மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்பு. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக 21 விளக்குகள். தை தொடங்கிக் கோடை வரைக்கும் பருவம். கோயிலைப் பொறுத்து 7 இரவு, 14 இரவு, 21 இரவு என்று நடக்கும். காளி தாருகனோடு போர் செய்துகொண்டிருந்த நாளில்தான் ராம ராவண யுத்தமும் நடந்ததாம், அவளால் பார்க்க முடியவில்லையாம், அவள் பார்க்கத்தான் ஆண்டுதோறும் இதை ஆடிக்காட்டுகிறார்கள் என்பது ஐதீகம். அதனால் எதிரே ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது.

எங்கள் பிள்ளைகள் அங்கே முதலில் அதிர்ந்துபோவது பாவையைப் பார்த்து அல்ல, பாட்டைக் கேட்டு. மலையாள நாட்டுக் கோயிலில், நள்ளிரவு தாண்டிய பின், ஒரு புலவர் கம்பனைத் தமிழிலேயே பாடுகிறார். பாடிவிட்டுத் தமிழும் மலையாளமும் கலந்து பொருள் சொல்கிறார். பள்ளிப் பாடத்தில் மனப்பாடப் பகுதியாக மட்டும் தெரிந்த கம்பன் அங்கே விளக்கில் எரியும் எண்ணெயின் வாசத்தோடு வருகிறான். ஆடல் பற்று என்று அவர்கள் சொல்லும் உரைமரபு தலைமுறை தலைமுறையாகக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்ளும் சரக்கு. கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கலையைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோனவர். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று அந்தக் குடும்பத்துப் பெண்களும் பாவை பிடிக்கிறார்கள்.

இதை அனிமேஷன் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்பதுதான் என் எண்ணம். கண்ணெதிரே கை ஆட்டும் பாவை, கையோடு அப்போதே ஆடுகிறது. அனிமேஷனில் அசைவு எந்தக் கையிலும் நடப்பதில்லை, இரண்டு அசையாத படங்களுக்கு நடுவே பார்க்கிறவன் தலைக்குள் நடக்கிறது. "எல்லாம் நம்மிடம் அன்றைக்கே இருந்தது" என்று நெஞ்சு நிமிர்த்துவதற்காக நான் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகவில்லை. அனிமேஷன்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட அதே சிக்கல்களோடு அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பவர்களும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதை நேரில் பார்க்கலாம், தொடலாம், கேட்கலாம். அதற்காகப் போகிறோம்.

ஒரு சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கத்துப் பாவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கை மட்டுமே அசையும். உட்கார்ந்த ராமனுக்கு ஒரு பாவை, நிற்கும் ராமனுக்கு ஒன்று, நடக்க ஒன்று, போர் செய்ய ஒன்று. ஒரே பாத்திரத்தின் நிலைகளைத் தனித்தனியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நிலை மாற வேண்டுமானால் பாவையே மாறும். ஆந்திரத்துத் தோலுபொம்மலாட்டம் அப்படியல்ல. தர்மாவரம் பக்கம் நிம்மலகுண்டாவில் செய்யும் பாவைகள் பெரியவை, வண்ணம் ஊடுருவித் தெரிபவை, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுக்கு மூட்டு ஆடுபவை. அங்கே பாவை நடனமே ஆடும். இங்கே பாவை நிற்கும், பேச்சு ஆடும். இரண்டு சேனைத் தலைவர்கள் எதிரெதிரே அசையாமல் நிற்க, தர்மம் எது என்று புலவர்கள் அரை மணி நேரம் வாதாடுவார்கள். ஒரு கை எப்போதாவது உயரும். அந்த ஒரு கை உயரும் கணத்துக்காக மொத்தக் கண்ணும் காத்திருக்கும்.

இதைப் பார்த்த பிள்ளைக்கு முழு அனிமேஷன், குறை அனிமேஷன் என்ற பிரிவை விளக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 நிலைப்படம். 7 நிமிடக் கார்ட்டூனுக்கு 10,080 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் 5,040 படம் வரைந்தாக வேண்டும். சினிமாக் கொட்டகைக்குப் படம் செய்த காலத்தில் அதற்குப் பணம் இருந்தது. 1957இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. அங்கே டாம் அண்ட் ஜெர்ரி செய்துகொண்டிருந்த ஹன்னாவும் பார்பராவும் வெளியே வந்து டிவிக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். டிவி கொடுத்த பணத்தில் அந்த ஓட்டமெல்லாம் முடியாது. உடம்பை நிறுத்தினார்கள், வாயையும் ஒரு கையையும் மட்டும் அசைத்தார்கள், கதையைப் பேச்சின் தோளில் ஏற்றினார்கள். ஜப்பானில் ஒசாமு தெசுகா 1963 ஜனவரி 1 அன்று ஆஸ்ட்ரோ பாயை டிவியில் கொண்டுவந்தபோதும் இதே நெருக்கடிதான். ஒரே நிலையை நிறுத்திவைப்பது, வரைந்ததையே திரும்பப் பயன்படுத்துவது, அசையாத படத்தின் மேல் கேமராவை நகர்த்துவது. இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் அனிமே என்று கொண்டாடும் பாணியின் வேர் அந்தச் சிக்கனத்தில் இருக்கிறது. "அப்ப நம்ம புலவரு செய்யறதும் அதேதானுங்க சார், கைய மட்டும் தூக்கறது" என்று ஒரு பையன் சொன்னான். அவன் சொன்னது முழுச் சரியல்ல. ஒன்று கடவுளுக்கு முன் நடப்பது, மற்றது விளம்பரங்களுக்கு நடுவே நடப்பது. ஆனால் எதை அசைப்பது, எதை அசைக்காமல் விடுவது என்ற தேர்வு இரண்டிலும் உண்டு. அதை அந்தப் பையன் இனி மறக்க மாட்டான்.

இதே வழியில் லொத்தே ரைனிகர் என்ற ஜெர்மன் பெண் கலைஞரிடம் போய்ச் சேரலாம். அவர் செய்து 1926இல் வெளிவந்த இளவரசன் அஹமது கதைப் படம்தான் இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய முழுநீள அனிமேஷன். அதற்கு முன் அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி 1917இலேயே முழுநீளப் படம் செய்தார், அது அழிந்துபோயிற்று. ரைனிகர் கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினார், ஈயத் தகடு சேர்த்தார், மூட்டுகளைக் கம்பியால் கட்டினார், கீழிருந்து ஒளி வரும் கண்ணாடி மேசையில் உருவத்தைக் கிடத்தி, மேலிருக்கும் கேமராவில் ஒவ்வொரு ஃப்ரேமாகப் பிடித்தார். மூன்று வருட வேலை. உருவம் அருகே வர வேண்டிய இடத்துக்குப் பெரிய உருவமாக இன்னொன்று வெட்டிக்கொண்டார். பின்னாளில் நிழற்கூத்துகளையும் நிழற்படங்களையும் பற்றி அவரே ஒரு புத்தகமும் எழுதினார். எங்கள் வகுப்பில் ரைனிகரின் படத்தைப் போட்டதும் யாரும் கைபேசியை எடுப்பதில்லை. கூத்துமாடத்தின் பின்பக்கம் போய்ப் பாவையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பெண்ணின் விரல் எங்கே இருந்திருக்கும் என்று தெரிகிறது.

இதன்பிறகுதான் பலகையில் 1892 எழுதுகிறேன். எமில் ரெய்னோ அந்த ஆண்டு அக்டோபர் 28 அன்று பாரிஸில் கிரெவின் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் தன் ஒளிநாடகத்தைக் காட்டினார். லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டியதற்கு மூன்று வருடம் முன்பு. நூற்றுக்கணக்கான சிறு படங்களைக் கையால் தீட்டி, நாடாவாகக் கோத்து, கையாலேயே முன்னும் பின்னும் சுழற்றினார். எங்கிருந்து? திரைக்குப் பின்னால் இருந்து. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சின்னச் சலசலப்பு எழும், ஒவ்வொரு வருடமும் எழுகிறது. 1900 வரை அந்தக் காட்சி ஓடியது. சினிமா வந்து அடித்துப்போட்டபின், மனம் நொந்து தன் நாடாக்களில் பெரும்பாலானவற்றை சேன் நதியில் எறிந்தார் ரெய்னோ. இரண்டு மட்டும் மிஞ்சின.

முதல் அனிமேஷன் எது என்று தேர்வில் கேட்பார்கள். ரெய்னோவுடையதில் கேமரா இல்லை, ஃபிலிமில் படம்பிடித்ததல்ல. அமெரிக்காவில் பிளாக்டன் 1906இல் கரும்பலகையில் முகங்களை வரைந்து படம்பிடித்தார், ஆனால் நடுவே அவர் கையும் தெரிகிறது. எமில் கோல் 1908இல் ஏறக்குறைய 700 படங்கள் வரைந்து செய்ததுதான் முழுக்க வரைபடத்தால் ஆன முதல் படம் என்பார்கள். எது "முதல்" என்பது எதை அனிமேஷன் என்று வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒற்றைப் பதிலை மனப்பாடம் செய்யவைப்பதைவிட, இந்த மூன்று பேருக்கும் நடுவே பிள்ளைகளைச் சண்டை போடவிடுவது நல்லது.

பாடப்புத்தகத்திலும் இணையத்திலும் இன்னும் ஓயாமல் வரும் ஒரு தவறான விளக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பார்வை நிலைப்பினால்தான் அசைவு தெரிகிறது, முந்தைய படம் விழித்திரையில் கொஞ்ச நேரம் தங்குகிறது, அடுத்தது அதோடு சேர்ந்துவிடுகிறது என்பார்கள். யோசித்துப் பாருங்கள். முந்தைய படம் கண்ணில் தங்கிக்கொண்டே போனால், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிறுக்கல்தான் தெரியும், அசைவு தெரியாது. மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1912இல் வெளியிட்ட ஆய்வு, தனித்தனியே ஒளிரும் இரண்டு கோடுகளை மூளையே ஒரே கோட்டின் நகர்வாகக் கட்டிக்கொள்கிறது என்று காட்டியது. அசைவு கண்ணின் மிச்சமல்ல, மூளையின் வேலை. வரைகிறவனுக்கு இது வெறும் தத்துவமல்ல. இரண்டு படங்களுக்கு நடுவே தூரம் அதிகமானால் மூளை இணைப்பை விட்டுவிடும், பொருள் நகராமல் குதிக்கும். எந்த இடைவெளி வரை மூளை நம்பும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கைத்தொழிலின் அடிப்படை.

அதைக் கண்டுபிடிக்க நாங்கள் சுழலும் உருளை செய்கிறோம். இங்கிலாந்தில் ஹார்னர் 1834இல் விவரித்த அதே பொம்மை, சோட்ரோப். கறுப்புச் சார்ட் பேப்பரை உருளையாக ஒட்டி, மேல் பாதியில் 12 கீற்று வெட்டு. உள்ளே ஒரு நீளக் காகிதத்தில் 12 படம். உருளையைச் சுழற்ற, ஊரில் உள்ள பேக்கரியிலிருந்து கேக்குக்குக் கிரீம் பூசும் சுழல்தட்டை வாங்கிக்கொண்டோம். கீற்று வழியாகப் பார்த்தால்தான் அசைவு தெரியும். மேலிருந்து நேராகப் பார்த்தால் வெறும் சாம்பல் கோடு. கீற்று ஏன் வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. கீற்றுக்குக் கீற்று நடுவே வரும் இருட்டுத்தான் படத்தைப் படத்திலிருந்து பிரிக்கிறது. ப்ரொஜெக்டரில் சுழலும் ஷட்டரும் இதைத்தான் செய்கிறது.

போன வருடம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தென்னை மரத்தில் ஏறும் ஆளை வரைந்தாள். எங்கள் சித்தூர் வட்டத்தில் கள் இறக்கும் மரங்கள் எங்கும் நிற்பவை, அவள் அப்பாவும் பாளை சீவுகிறவர். 12 படங்களில் ஆளைக் கீழிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். சுழற்றினால், பன்னிரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு வரும்போது ஆள் பொத்தென்று கீழே விழுந்துவிடுகிறார். திரும்பத் திரும்ப ஏறுகிறார், விழுகிறார். அவளுக்கு அது பொறுக்கவில்லை. "அப்பா விழற மாதிரி இருக்குதுங்க சார்" என்றாள். ஒரு வாரம் அந்தக் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போனாள். அடுத்த சனிக்கிழமை புதிய காகிதம் கொண்டுவந்தாள். ஆள் ஒரே உயரத்தில் இருக்கிறார், கையும் காலும் மட்டும் மாறுகின்றன. மரத்தின் வளையத் தழும்புகளை ஒவ்வொரு படத்திலும் ஒரு நூல் அளவு கீழே இறக்கியிருந்தாள். பன்னிரண்டாவது படத்துக்குப் பின் இன்னும் ஒரு நூல் இறங்கினால், ஒரு தழும்பு முதல் படத்தின் அடுத்த தழும்பு இருந்த இடத்துக்குச் சரியாக வந்து நிற்கும். தட்டைச் சுழற்றினேன். மனிதர் ஏறிக்கொண்டே இருந்தார், முடிவில்லாமல், விழாமல்.

"மரம் இறங்குதுங்க சார், ஆள் ஏறலை."

நூறு வருடமாக உலகத்தின் ஸ்டூடியோக்கள் எல்லாவற்றிலும் புழங்கும் சூத்திரம் அது. பாத்திரத்தை நின்ற இடத்திலேயே நடக்கவைத்து, பின்னணியை எதிர்ப்பக்கம் இழுப்பது. 1914இல் ஏர்ல் ஹேர்ட் செல்லுலாயிட் தாளில் பாத்திரத்தையும் தனித் தாளில் பின்னணியையும் வரையும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, 1915இல் அதை வாங்கியபின் அது தொழிற்சாலை வேகத்துக்கு வந்தது. இந்தப் பெண் அதை எங்கும் படிக்காமல், அப்பா விழக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகக் கண்டுபிடித்தாள். அன்றைக்குத்தான் அவளிடம் ஹேர்டின் பெயரைச் சொன்னேன். தான் தீர்த்த கணக்கை நூறு வருடம் முன்பு தீர்த்தவர் பெயர் என்பதால் நோட்டில் எழுதிக்கொண்டாள். வரலாற்றை எப்போது சொல்ல வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள விடை இவ்வளவுதான்: சிக்கல் பிள்ளையின் கைக்கு வந்தபின், உடனே.

அனிமேஷன் சமூகத்தோடு, அதாவது இந்தத் தொழிலில் இருப்பவர்களோடு, பிள்ளைகளுக்குத் தொடர்பு வேண்டும் என்ற பேச்சும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தத் தொழில் எப்போதுமே ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போயிருக்கிறது. நம் நாட்டுக் கதையையே பாருங்கள். திரைப்பட முன்னோடி பால்கே 1915இலேயே தீக்குச்சிகளை அசையவைத்துப் படம் செய்தார். அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முயற்சிகள். தொடர்ச்சி என்று ஒன்று வந்தது 1956இல், மும்பையில் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது. ஸ்னோ ஒயிட், பாம்பி படங்களில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் என்ற டிஸ்னி கலைஞர் வந்து இளைஞர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். 1957இல் ஜாதகக் கதையிலிருந்து ஆலமரத்து மான் பற்றி ஒரு படம் வந்தது. அந்தப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த ராம் மோகன் பிறகு எத்தனையோ பேரை உருவாக்கினார். 2014இல் பத்மஸ்ரீ. 1983இல் ராமாயணத் தொல்லியல் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த யூகோ சாகோ என்ற ஜப்பானியர் அந்தக் கதையில் மயங்கி, ராம் மோகனோடு சேர்ந்து ராமனைப் பற்றிய அனிமேஷன் படம் செய்தார். 1993இல் முதலில் திரையிடப்பட்ட அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழ் உட்பட நம் மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. எங்கள் பிள்ளைகள் சிலர் பார்த்தார்கள். கூத்துமாடத்தில் பார்த்த வாலி வதையும் திரையில் பார்த்த வாலி வதையும் எங்கே வேறுபடுகின்றன என்று ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்தது.

உலக அளவிலும் இதே போக்குத்தான். ஆசிஃபா என்ற சர்வதேச அனிமேஷன் சங்கம் 1960இல் பிரான்சின் அன்சியில் பிறந்தது. பனிப்போர் உறைந்திருந்த காலம் அது, கிழக்கிலும் மேற்கிலும் இருந்த வரைகலைஞர்கள் ஒருவர் படத்தை ஒருவர் பார்க்க வழி வேண்டும் என்று கூடினார்கள். முதல் தலைவர் நார்மன் மெக்லாரன். அவர் அதற்குச் சில வருடம் முன் யுனெஸ்கோ பணிக்காக இந்தியா வந்து போனவர். ரெய்னோ காட்சி நடத்திய அக்டோபர் 28ஐ 2002இல் உலக அனிமேஷன் தினமாக அறிவித்தது அந்தச் சங்கம்தான். ஆசிஃபாவின் இந்தியக் கிளை பல ஊர்களில் அந்த நாளைக் கொண்டாடுகிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 1999இல் தொடங்கிய டூன்ஸ் நிறுவனம், தெனாலிராமன் கதைகளைத் தொடராக்கி 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்குக்குக் கொடுத்தது. வெளிநாட்டு மேதைகளை அழைத்து 'வீக் வித் தி மாஸ்டர்ஸ்' என்று வருடாவருடம் கூட்டமும் நடத்தியது. இவையெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவுகள். ஆனால் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளை அந்த வாசலில் போய் நின்றால் என்ன கேட்கும்? "வேலை கிடைக்குமா?" என்றுதான் கேட்கும். பதில் சொல்கிறவருக்கும் அந்தக் கேள்வியில் பிடிப்பில்லை.

அதனால் படம் செய்கிறவர்களுக்குக் கடிதம் எழுதப் பழக்குகிறேன். கட்டளை ஒன்றே ஒன்று: படத்தைப் பத்து முறை பார்த்தபின், ஒரே ஒரு இடத்தைப் பற்றி மட்டும் கேள். அதிதி கிருஷ்ணதாஸ் இயக்கி, சுரேஷ் எரியாட்டின் ஸ்டூடியோவில் செய்த 'கண்டிட்டுண்டு' என்ற மலையாளக் குறும்படத்தை வகுப்பில் காட்டுவேன். 2021ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த அனிமேஷன் படம். சுரேஷ் எரியாட்டின் தந்தை தான் கண்டதாகச் சொல்லும் பேய்பூதக் கதைகள்தான் படம், குரலும் அவருடையதே. எங்கள் பிள்ளைகளுக்கு மொழி புரிகிறது, அந்தத் தாத்தா பேசும் தொனி வீட்டுத் தொனி. அதைப் பார்த்தபின் ஒரு பையன் தன் பாட்டியின் குரலைப் பதிவு செய்துகொண்டு வந்தான். முனி ஓடும் கதை, பாதி தமிழ், பாதி மலையாளம், நடுவே வெற்றிலை மெல்லும் சத்தம். அந்தச் சத்தத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டான். அந்தக் கேள்வியைத்தான் கடிதமாக எழுதச் சொன்னேன். படம் செய்கிற ஒருவர் பதில் எழுதினார்: வெட்டாதே, மெல்லும் இடத்தில் முனியை நிறுத்து. இரண்டே வரி. அந்தப் பையனுக்கு அது மூன்று மாத வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

சமூகம் என்றதும் விருது வாங்கியவர்களை மட்டும் நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேலந்தாவளத்து இளைஞர் ஒருவர் சென்னையில் ரோட்டோ வேலை செய்கிறார். நடிகரின் உருவத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடு போட்டுப் பிரித்தெடுக்கும் வேலை, ராத்திரி ஷிப்ட். ஊருக்கு வந்தபோது வகுப்புக்கு அழைத்தேன். "நான் அனிமேஷன்காரன் இல்லைங்க, வெறும் ரோட்டோங்க" என்று தயங்கினார். மாக்ஸ் ஃப்ளைஷர் 1915இல் விண்ணப்பித்து 1917இல் காப்புரிமை பெற்ற கருவிதான் ரோட்டோஸ்கோப், தம்பி டேவ் கோமாளி உடை போட்டு ஆட, அந்தப் படச்சுருளின் மேல் கோடு போட்டுத்தான் கோகோ என்ற கோமாளி பிறந்தது என்று நான் சொன்னபோது, பிள்ளைகளைவிட அவர்தான் அதிகம் கேட்டார். ஆறு வருடமாகச் செய்கிற வேலையின் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பிறகு மடிக்கணினியைத் திறந்து, காற்றில் பறக்கும் ஒரு முடிக்கற்றையை எப்படிப் பிரிப்பது என்று காட்டினார். எந்த முடியை விட்டுவிடலாம், எதை விட்டால் கண் கண்டுபிடித்துவிடும் என்று அவர் சொன்ன நுணுக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அவருடைய வாழ்க்கையும் வரலாற்றுப் பாடம்தான். 2013 பிப்ரவரியில் லைஃப் ஆஃப் பை படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் திவாலானதாக மனு கொடுத்தது. அதே மாதம் அந்த வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன, அங்கே வேலை பார்த்தவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஆண்டும் படப்பெயரும் மட்டும் சொல்லிக்கொடுத்து இதை மறைத்தால், அந்தத் தொழிலுக்குள் போகிற பிள்ளைக்கு நாம் துரோகம் செய்கிறோம்.

இந்த வருடம் அக்டோபர் 28க்கு வாசகசாலை முற்றத்தில் வேட்டி கட்டித் திரை செய்யப்போகிறோம். பிள்ளைகளின் உருளைகள் திண்ணையில் வரிசையாக இருக்கும், வருகிறவர்கள் தாங்களே சுழற்றிப் பார்க்கலாம். ரோட்டோ அண்ணன் முந்தின இரவு பஸ் ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டியின் முனி கதை ஒன்றரை நிமிடம் வரை வந்திருக்கிறது.

தென்னைமரக்காரி இப்போது அடுத்ததற்கு வந்திருக்கிறாள். "இறங்கறதுக்கும் பன்னண்டு போதுங்களா சார்? ஏறினதயே திருப்பிப் போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டாள். திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். ஆள் இறங்கவில்லை, யாரோ கயிறு கட்டிக் கீழே இழுப்பது போல இருந்தது. ஏறும்போது உடம்பைக் கால் தள்ளுகிறது, இறங்கும்போது கை பிடித்து நிறுத்துகிறது என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் வீட்டுத் தோப்புப் பக்கம் போனேன். அவள் அப்பா மூன்றாவது முறையாக அதே மரத்திலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார், இடுப்பில் கள்ளுக்குடுக்கை இல்லாமல், மகளுக்காக மட்டும். அவள் கீழே நோட்டோடு நின்று, "அங்கயே நில்லுங்கப்பா, அந்தக் காலு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பாதி மரத்தில் நின்றார்.